கூடாரமும் தறப்பாளும்

இவ்வாரம் பாடப்புத்தகங்களை ஒருபுறம் வைத்துவிட்டு, சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் நாம் குடும்ப சமேதராய்ச் செய்து வந்த ஒரு பிரயாணத்தைப்பற்றி எழுத விழைகின்றோம்.

கனடாவில் வாழும் எமது மைத்துனர் முன்னொருமுறை ஊருக்கு வந்தபோது விட்டுச் சென்ற நைலோன் கூடாரம் ஒன்று எமது வீட்டுப் பரணில் நெடுநாளாய்த் துயின்றுகொண்டிருந்தது. அந்நாட்டிலே கோடை வந்துவிட்டால் குடும்பங்கள் மோட்டார் வண்டியிற் சுமைகளை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைகளிலும் காட்டோரங்களிலும் கூடாரமடித்துத் தங்குவது வழக்கமாம். மைத்துனரின் மக்கள் அனுப்பிய படங்களைக் கண்ட நாள்முதல் எமது புதல்வனுக்கும் புதல்விக்கும் வேறு பேச்சில்லை. இல்லாளும் அவர்கள் கட்சியிற் சேர்ந்துகொண்டார். யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்குக் கரையோரமாய் உகந்தை முருகன் சந்நிதிவரை போய் வருவதென முடிவாயிற்று. போகும் வழி மாத்திரம் ஏறத்தாழ 500 கிலோமீற்றர். விடுதிகளில் தங்குவதில்லை, இடம் கேட்டுக் கூடாரமடிப்பது, உலை வைத்து உண்பது. இதுவே திட்டம்.

எமது அன்னையார்க்கு எழுபத்திரண்டு வயது. திட்டம் முழுவதையும் பொறுமையுடன் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று வினவினார்:

“காசு குடுத்து அகதியாப் போறியளோ, தம்பி?”

பிள்ளைகள் சிரித்தனர். நாமும் சிரித்தோம். ஆனால் அன்னையார் உள்ளே சென்று, பழைய நீலத் தறப்பாள் ஒன்றையும் ஒரு கட்டுக் கயிற்றையும் கொணர்ந்து வானில் ஏற்றச் சொன்னார். கூடாரம் இருக்கத் தறப்பாள் எதற்கு என்று கேட்டதற்கு மறுமொழி இல்லை. தாம் வானுக்குள்ளேயே படுத்துக்கொள்வதாகவும், கூடாரத்துள் நுழையச் சொல்லி ஒருவரும் கேட்கலாகாதெனவும் நிபந்தனை விதித்து ஏறி அமர்ந்தார்.

கண்டி வீதியால் வவுனியா சென்று, அங்கிருந்து ஹொறவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்குத் திரும்பினோம். அப்பகுதியில் அந்திப்பொழுதில் யானைகள் வீதியைக் கடக்கும். ஆதலால் வெயில் தாழுமுன் அதனைக் கடந்துவிடவேண்டுமெனச் சாரதியாய் வந்த அயல்வீட்டு இளைஞர் அவசரப்படுத்தினார். கூடாரத்துடன் புறப்படுவோர் இதனை மனத்திற் கொள்வது நன்று. கன்னியா வெந்நீரூற்றுக்களில் ஏழு கிணறுகளுக்கும் ஏழு வகைச் சூடு. எது அதிகம், எது குறைவு எனப் பிள்ளைகள் கைவைத்துப் பார்த்துத் தர்க்கித்துக்கொண்டிருந்தனர். தன் தாயின் அந்தியேட்டிக் கிரியைக்காக இராவணன் தோற்றுவித்த ஊற்றுக்கள் என்பது ஐதிகம். அக்கதையைப் பேரர்க்கு உரைத்த அன்னையார், வாளிவாளியாய் அள்ளி வார்த்துக்கொண்டு, உடம்பு நோவெல்லாம் போயிற்று என்றார். அன்றிரவு திருகோணமலையில் நண்பர் ஒருவரின் வளவில் முதன்முதலாகக் கூடாரத்தை விரித்தோம். அதனை நிறுத்த எமக்கு ஒன்றரை மணித்தியாலம் சென்றது என்பதற்குமேற் கூறாமல் விடுகின்றோம்.

மறுநாட் பயணமே பயணம். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் கரைவழியில் ஒருகாலத்தில் துறைக்குத் துறை வாகனத்தைப் ‘பாதை’யில் ஏற்றிக் கடக்கவேண்டியிருந்தது. மிதவைக்குப் பாதை என்னும் பெயர் ஓர் அழகு. இன்று கிண்ணியாவில் 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, ஏறத்தாழ 400 மீற்றர் நீளமான பாலத்தால் இரண்டு நிமிடத்திற் கடந்துவிடுகிறோம். மூதூர், வெருகல், கதிரவெளி என ஊர்கள் சிறியனவாய், வெளிகள் பெரியனவாய் வந்தன. எருமைத் தயிர்ச்சட்டிகளை வீதியோரத்தில் அடுக்கி வைத்திருந்தனர். ஒரு சட்டியை வாங்கி, மரநிழலில் ஐவரும் சாரதியுமாய் வழித்து உண்டோம். வீட்டில் தயிர் என்றாலே முகத்தைத் திருப்பும் மகன் சட்டியின் அடியைச் சுரண்டியதைக் கண்டு இல்லாள் வியந்து நின்றார்.

மாலையில் வாகரைப் பக்கத்தில், கடலுக்கு அண்மையிலிருந்த தென்னந்தோட்டம் ஒன்றில் இடம் கேட்டோம். தோட்டக்காரியும் எழுபது வயதைக் கடந்தவர். கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். “வீடு இல்லையா மகன் உங்களுக்கு?” என்று அவர் கேட்டது பரிகாசமன்று, மெய்யான கவலை. விடுமுறைக்கு வந்தோமென விளக்கினோம். அவர் எமது அன்னையாரை நோக்கினார். அன்னையார் கையை விரித்தார். அக்கணத்திலேயே இருவரும் சிநேகிதமாயினர்.

பகலெல்லாம் வீசிய கச்சான் காற்று இரவில் அடங்கிற்று. மேற்கே இடி முழங்கிற்று. ஓகஸ்ட் மாதத்திற் கிழக்கில் மழையா என்று அலட்சியமாய்ப் படுத்தோம். நடுநிசியிற் பெருந்துளிகள் விழத் தொடங்கின. கனடாக் கூடாரத்தின் தையல்கள் பரணிற் கிடந்து உக்கிப்போயிருந்தன போலும். தலைமாட்டில் நீர் சொட்டியது. அப்போது வானின் கதவு திறந்தது.

“எழும்பு தம்பி! மண்வெட்டி வாங்கிக்கொண்டு வந்து கான் வெட்டு!”

ஓடினோம். எந்தப் பக்கம் பள்ளம், எங்கே கான் வெட்டினால் நீர் ஓடும் என்பதை ரோர்ச் வெளிச்சத்தில் அன்னையார் விரலாற் காட்டினார். நீலத் தறப்பாளைக் கூடாரத்தின்மேல் இழுத்து, நான்கு தென்னைகளிற் கட்டுவித்தார். முடிச்சுக்களைத் தாமே இட்டார். நடுவில் நீர் தேங்கித் தறப்பாள் தாழாதபடி ஒரு தடியை உள்ளிருந்து முட்டுக்கொடுக்கச் சொன்னார். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பாட்டியின் கைகள் இத்துணை விரைவாய் இயங்கியதைப் பிள்ளைகள் கண்டதில்லை. மகள்தான் கேட்டாள்: “அப்பம்மா, இதெல்லாம் எங்கை பழகினனீங்கள்?”

மறுமொழி உடனே வரவில்லை. நனைந்த அனைவரையும் தோட்டக்காரி தமது விறாந்தைக்கு அழைத்துச் சென்று தேத்தண்ணீர் தந்தார். அங்கேதான் பேச்சுப் பிறந்தது. அவரது முதல் வீட்டை 2004 டிசம்பர் 26இற் கடல் கொண்டது. மீண்டும் கட்டிய வீட்டை விட்டு, போர் மூண்ட 2006ஆம் ஆண்டின் இறுதியில் ஓடினார். எமது அன்னையார் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவைச் சொன்னார்: வலிகாமம் முழுவதும் ஒரே வீதியில் இறங்கி நடந்தமை; மழை; நாவற்குழியைக் கடக்குமுன் விடிந்தமை; தென்மராட்சியில் ஒரு பாடசாலை முற்றத்தில் மாதக்கணக்காய்த் தறப்பாளின் கீழ்க் கிடந்தமை. சமையற் பக்குவத்தை ஒப்பிடும் இரு பெண்களைப்போல், எந்தத் தறப்பாள் மதியத்தில் அதிகம் கொதிக்கும், எது இரண்டாம் மாரிக்குத் தாங்கும் என அவர்கள் உரையாடினர். இடையிடையே சிரிக்கவுஞ் செய்தனர். பிள்ளைகள் கண்கொட்டாமல் இருந்தனர்.

“அப்பா, நீங்களும் அங்கை இருந்தனீங்களோ?”

இருந்தோம். எமக்கு அப்போது பதினைந்து வயது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த வரலாற்றை ஆண்டுதோறும் வகுப்பில் விரித்துரைக்கும் நாம், 1995ஐ எமது மக்களுக்குச் சொன்னதேயில்லை. இளநெஞ்சங்கள் கலங்கலாகாது என்பது நாம் எமக்கே கூறிவந்த காரணம். மெய்க்காரணம் வேறு. அப்பாடசாலை முற்றத்தில் ஒரு மழையிரவு, காற்றிற் பறக்கும் தறப்பாளின் ஒரு மூலையைப் பிடித்திருக்குமாறு அன்னையார் எமக்குப் பணித்தார். நாம் நித்திரையாகிக் கையை விட்டுவிட்டோம். இரண்டு வயதுத் தங்கை முழுவதும் நனைந்து, பத்து நாட்கள் காய்ச்சலிற் கிடந்தாள். மருந்து கிடைப்பது அரிதான காலம். அவள் தேறினாள், இன்று அவளும் ஒரு தாய். ஆயினும் தறப்பாள் காற்றில் அடிக்கும் ஓசை எமக்கு இன்றும் ஆகாது.

அன்றிரவு அன்னையார் தங்கையின் காய்ச்சலைச் சொன்னார். மருந்து தேடி அலைந்ததைச் சொன்னார். மூலை கைவிட்ட கதையை மாத்திரம் சொல்லவில்லை. மறந்தாரல்லர். எம்மை ஒருமுறை பார்த்துவிட்டு அப்பாற் சென்றுவிட்டார். இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் அதனை எவரிடமும் கூறவில்லை என்பது அப்போதுதான் எமக்கு விளங்கிற்று.

மறுநாட் காலை, ஓட்டமாவடியைத் தாண்டும்வரை பொறுத்திருந்து, விடுபட்ட பகுதியை நாமே பிள்ளைகளுக்குக் கூறினோம். மகன் சற்றுநேரம் யன்னலால் வெளியே பார்த்திருந்துவிட்டு, “நானெண்டாலும் நித்திரையாகியிருப்பன்” என்றான். பின்னிருக்கையில் அன்னையார் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும்.

எஞ்சிய வழியை விரைந்து சொல்லிவிடலாம். கல்லடியில் 1924இன் பழைய பாலமும் 2013இன் புதிய பாலமும் அருகருகே நிற்பதைக் கண்டோம். மீன்கள் பாடுவதைக் கேட்கக் காத்திருந்தோம். கேட்டது வாகன இரைச்சல். அங்கே சுவாமி விபுலாநந்தரின் சமாதியையும், பின்னர் அவர் 1892இற் பிறந்த காரைதீவையும் தரிசித்தோம். காத்தான்குடியில் வீதி நடுவே நிற்கும் பேரீச்சைகளைப் பிள்ளைகள் எண்ணினர். மருதமுனையிற் கைத்தறிப் புடைவை பார்ப்பதற்கு இல்லாள் கேட்டது பத்து நிமிடம். எடுத்துக்கொண்டது ஒன்றேகால் மணித்தியாலம். திருக்கோவிலில் ஓர் இரவு. பொத்துவில், பாணமை கடந்து உகந்தை.

உகந்தையில் வாகனத்தார்க்கு வழி முடிகிறது. அப்பாற் குமண வனம். கதிர்காமத்திற்குப் பாதயாத்திரை செல்வோர் வனம் புகுமுன் இளைப்பாறும் தலம் அது. நாம் சென்றபோது திருவிழா முடிந்து, மண்டபமும் மணல்வெளியும் வெறிச்சோடிக் கிடந்தன. கூடாரத்தை அடித்தோம், இம்முறை இருபது நிமிடம். அன்னையாரை நாம் அழைக்கவில்லை. அவர் வானுக்கும் போகவில்லை. பாயை எடுத்துக்கொண்டு மண்டபத்து ஓரத்தில், கடற்காற்றுப் படும் இடமாய்ப் பார்த்துச் சாய்ந்தார். சற்றுப் பொறுத்து மகள் தன் தலையணையுடன் எழுந்து போனாள். பின்னர் மகனும் போனான். கனடாக் கூடாரத்தில் நாமும் இல்லாளும் மாத்திரம் மிஞ்சினோம்.

வீடு திரும்பியதும் கூடாரத்தை வெயிலிற் காயவிட்டு, தையலை அடைப்பித்து, மறுபடி பரணில் ஏற்றினோம். தறப்பாளையும் சேர்த்து மடிக்கப் போனபோது அன்னையார் தடுத்துவிட்டார். முற்றத்தில் விரித்து, அதில் மிளகாய் காயப்போட்டிருக்கிறார்.