கையைக் கட்டு, வாயைப் பொத்து, கண்ணைப் பார்

நேர்காணல் மதிப்பெண் தாளில் 'பாடி லாங்வேஜ்' என்றொரு கட்டம் இருக்கும். பத்துக்கு இத்தனை என்று போட வேண்டும். அந்தக் கட்டத்தைத் தூக்கிவிட வேண்டும் என்பது என் கட்சி. திருத்துவது, மேம்படுத்துவது எல்லாம் இல்லை. தூக்கிவிட வேண்டும்.

எங்கள் விருத்தாசலம் பக்கத்துப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்பில் அவனுக்குக் கிடைத்த முதல் பாடம் 'அ' இல்லை. "கையக் கட்டு, வாயப் பொத்து" என்பதுதான். கையைக் கட்டி உட்கார்ந்தால் நல்ல பிள்ளை. வாத்தியார் திட்டும்போது தலையைக் குனிந்து நிற்க வேண்டும். தப்பித் தவறி அவர் கண்ணைப் பார்த்துவிட்டால் "என்னடா முறைக்கிற?" என்று இரண்டு அடி கூடுதலாக விழும். வீட்டில் பெரியப்பா உட்கார்ந்திருக்கும்போது எதிரே கால் மேல் கால் போடக் கூடாது. பெண் பிள்ளை என்றால் இந்தப் பட்டியல் இரண்டு மடங்கு.

அப்புறம் இன்ஜினியரிங் கடைசி வருஷம் வருகிறது. பிளேஸ்மென்ட் பயிற்சி என்று கோட்டு போட்ட ஒருவர் வந்து ஸ்லைடு ஓட்டுகிறார். கையைக் கட்டுவது தற்காப்பு மனநிலை. கண்ணைப் பார்க்காதவன் எதையோ மறைக்கிறான். பேசும்போது வாயருகே கையைக் கொண்டுபோகிறவன் பொய் சொல்கிறான். நான் படித்த கல்லூரிக்கும் அப்படி ஒருவர் வந்தார். அரங்கத்தில் இருந்த நூற்றுச் சொச்சம் பேரும் கையைக் கட்டிக்கொண்டு அதைக் கேட்டோம்.

பதினைந்து வருஷம் அடித்துப் பழக்கிய மரியாதைக்கு, பதினாறாவது வருஷம் 'தன்னம்பிக்கைக் குறைவு' என்று பெயர் மாற்றி மார்க்கைக் குறைக்கிறார்கள். ராத்திரி ரயில் பிடித்து, எழும்பூரில் முகம் கழுவி, ஓஎம்ஆர் போய் உட்கார்ந்தவனுக்கு வேலை ஏன் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. தாளில் மட்டும் ஒரு 4 இருக்கும்.

இந்தப் பயிற்சியாளர்கள் எல்லோரிடமும் ஒரே ஒரு எண் இருக்கும். தகவல்தொடர்பில் 93 சதவீதம் சொல்லில் இல்லை, உடலிலும் குரலிலும்தான் இருக்கிறது என்பார்கள். 7, 38, 55 என்று பிரித்தும் காட்டுவார்கள். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 'ரிசர்ச்'. அந்த ரிசர்ச் இதுதான். 1967இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் சக ஆய்வாளர்களோடு இரண்டு சின்ன ஆய்வுகள் செய்தார். ஒன்றில் தனித்தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் பதிவு செய்து கேட்க வைத்தார்கள். இன்னொன்றில் 'மேபி' என்ற ஒற்றைச் சொல்லை மூன்று தொனியில், முகங்களின் புகைப்படங்களோடு சேர்த்துக் கொடுத்தார்கள். இந்தக் குரலுக்கு எதிராளியைப் பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா என்பதுதான் கேள்வி. அவ்வளவுதான் விஷயம். விருப்பு வெறுப்பைப் பற்றிப் பேசாத பேச்சுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று மெஹ்ராபியனே எழுதி வைத்திருக்கிறார். 93 சதவீதம் சொல்லில் இல்லை என்பது உண்மையாக இருந்தால், விருத்தாசலம் ஜங்ஷனில் சேலம் வண்டி எந்த பிளாட்ஃபாரம் என்பதை அறிவிப்பாளர் முகத்தைக் காட்டியே சொல்லிவிடலாம்.

சரி, பொய்யையாவது உடம்பு காட்டிக்கொடுக்குமா? 2006இல் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 24,483 பேர், மற்றவர்கள் பேசுவதைப் பார்த்து உண்மையா பொய்யா என்று சொன்னவர்கள். சரியாகச் சொன்னது 54 சதவீதம். காசைச் சுண்டிவிட்டாலே 50 வரும். அமெரிக்காவில் விமான நிலையங்களில் ஆட்களின் நடவடிக்கையைப் பார்த்தே ஆபத்தானவர்களைக் கண்டுபிடிக்கிறோம் என்று ஒரு திட்டம் நடந்தது. 2007இலிருந்து அதற்குச் சுமார் 90 கோடி டாலர் செலவு. இது வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை, நிதியைக் குறையுங்கள் என்று 2013இல் அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகமே அறிக்கை கொடுத்தது. பயிற்சி பெற்ற அதிகாரிகளின் கதை இது. நம் நேர்காணல்காரர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நாலு பேரை முடிக்க வேண்டிய அவசரத்தில் இருப்பவர்.

என் தொழிலுக்கும் இதில் பங்கு உண்டு என்பதால் ஒரு வார்த்தை. மனுஷன் பார்த்தால்தானே பாரபட்சம், மெஷின் பார்க்கட்டும் என்று கிளம்பினார்கள். வீடியோ நேர்காணலில் முகத்தை அலசி மார்க் போடும் மென்பொருள் விற்ற ஹயர்வியூ நிறுவனம், எதிர்ப்பு வலுத்த பிறகு முக அலசலைக் கைவிட்டதாக 2021இல் அறிவித்தது. முகத்தைப் பார்த்து உணர்ச்சியை ஊகிக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2022இல் விலக்கிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 பிப்ரவரி 2 முதல் வேலையிடத்திலும் கல்வி நிலையத்திலும் அப்படி ஊகிப்பது, மருத்துவம், பாதுகாப்பு போன்ற காரணங்கள் தவிர, சட்டப்படி தடை. செய்து விற்றவர்களே விட்டுவிட்டதை நம்மூர்ப் பயிற்சியாளர் இன்னும் லேசர் பாயின்டர் வைத்துச் சுட்டிக்கொண்டிருக்கிறார்.

இதையெல்லாம் மேற்கிலிருந்து கற்க வேண்டிய அவசியம் நமக்கு இருந்ததா என்பது அடுத்த கேள்வி. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு இயலே இருக்கிறது. 'மெய்ப்பாடு' என்றாலே உடம்பில் தெரிவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. தமிழ்ப் பெருமை பேச இதை எடுக்கவில்லை. அந்தப் பெருமை வேறு கடையில் கிடைக்கும். நான் கவனிக்கச் சொல்வது அது போகிற வழியை. எட்டில் ஒவ்வொன்றுக்கும் அது எங்கிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு இடங்களைச் சொல்கிறது. உதடு இப்படி வளைந்தால் இந்த உணர்ச்சி என்று படம் போட்டுக் காட்டவில்லை. அழுகை என்றால் இகழப்பட்டதால் வந்ததா, எதையாவது இழந்ததாலா, தளர்ச்சியாலா, வறுமையாலா? கண்ணீர் ஒன்றுதான். வந்த இடம் வேறு வேறு.

அச்சத்துக்கும் நான்கு. அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இந்த நான்காவதில் நின்று பாருங்கள். பேய்க்கும் புலிக்கும் திருடனுக்கும் பக்கத்தில், அதே வரிசையில், தனக்கு மேலே இருக்கும் தலைவன். அரசனுக்கு முன்னால் உடம்பு நடுங்கினால் அது நடுங்குகிறவனின் குணக்கேடு என்று தொல்காப்பியம் சொல்லவில்லை. அச்சம் பிறக்கும் இடத்தை அரசன் பக்கம் காட்டுகிறது. நேர்காணல் அறையில் உள்ளங்கை வியர்த்தவனுக்கு 4 போடுகிறவர், தன்னை ஒரு நிமிஷம் அந்த நான்காவது இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற தலைப்பு இரண்டு முறை வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமலே குறிப்பறிகிறவனை வள்ளுவர் புகழ்கிறாரே என்று யாராவது கேட்பீர்கள். ஆமாம், 71ஆம் அதிகாரத்தில் புகழ்கிறார். அதற்கு முந்தைய அதிகாரம் எது? மன்னரைச் சேர்ந்தொழுகல். அரசனிடம் வேலை பார்க்கிறவன் அரசன் முகத்தைப் படிக்க வேண்டிய நிலைமை அது. கீழே இருப்பவன் மேலே பார்த்துப் படிப்பது. இன்னொன்று 110, காமத்துப்பாலில். அங்கே படிக்கிறவன் காதலன். அவளுக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் தவிக்கிறவன். இந்த இரண்டிலும், மேலே உட்கார்ந்து கீழே நிற்பவனின் உடம்பை அளந்து மார்க் போடுகிறவன் இல்லை.

கீழே இருப்பவர்கள் எப்போதும் முகம் படித்துத்தான் பிழைத்திருக்கிறார்கள். முதலாளி இன்றைக்கு எந்த மூடில் வந்திருக்கிறார் என்பது வாட்ச்மேனுக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்த ஆம்பளை செருப்பை விடும் சத்தத்திலேயே இன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று அறிந்த பெண்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். இந்த நுட்பத்துக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் சான்றிதழ் கொடுத்ததில்லை.

உடம்பு எப்படி நிற்க வேண்டும் என்று கட்டளை போட்டது இங்கே யார் என்பதும் நமக்குத் தெரியாததல்ல. தோளில் இருக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு இந்தத் தெருவைத் தாண்டு என்று சாதி சொன்னது. நாதஸ்வரக்காரர் தோளில் துண்டோடு வாசிக்கலாமா என்பதே சுயமரியாதை இயக்கக் காலத்தில் சண்டைக்குரிய விஷயம். அந்தக் குனிவு உடம்பில் இறங்கி, அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்து, இன்று ஒரு கண்ணாடி அறைக்குள் தோள் கொஞ்சம் முன்னால் வளைந்து உட்கார்ந்திருக்கிறது. குனிய வைத்த வம்சத்துப் பிள்ளை எதிர்ப்பக்கம் உட்கார்ந்து 'போஸ்ச்சர் சரியில்லை' என்று எழுதலாம். எழுதவும் செய்கிறது. அன்றைக்குக் 'குனி' என்றார்கள், இன்றைக்கு 'நிமிர்' என்கிறார்கள். கட்டளை போடும் இடம் மட்டும் மாறவில்லை.

ஊர்ப் பேச்சு வந்ததால் ஊர் உதாரணம் ஒன்று. விருத்தாசலம் செராமிக் ஊர். அங்கே செராமிக் படித்தவர்களுக்கு 'கோன்' தெரியும். 1886இல் பெர்லினில் ஹெர்மன் சேகர் உருவாக்கியது. சூளைக்குள் சின்னக் கூம்பு ஒன்றை நிற்க வைப்பார்கள். வேண்டிய சூடு, வேண்டிய நேரம் ஏறியதும் அது தலை கவிழும். துவாரம் வழியாகப் பார்த்து, சூளை இந்த நிலைக்கு வந்துவிட்டது என்று முடிவு செய்வார்கள். ஆனால் கவிழ்ந்த கூம்பைப் பார்த்து மட்டும் யாரும் எதுவும் சொல்ல முடியாது. அதன் மேல் ஒரு நம்பர் இருக்கும். எந்தக் கலவையில் செய்தது என்று அந்த நம்பர் சொல்லும். ஒரு நம்பர் சீக்கிரமே கவிழும், இன்னொன்று அதே சூட்டில் அசையாமல் நிற்கும். நம்பர் தெரியாதவனுக்குக் கவிழ்ந்த கோன் வெறும் வளைந்த மண். தலை குனிந்த பையனை நம்பர் பார்க்காமல் படிக்கிறோம் என்பதுதான் என் புகார்.

அப்படியானால் சைகைக்கே அர்த்தம் இல்லையா என்றால், இருக்கிறது. 1885இல் அலகாபாத் உயர் நீதிமன்ற முழு அமர்வுக்கு ஒரு கொலை வழக்கு வந்தது. கழுத்தறுபட்டுக் கிடந்த துலாரி என்ற இளம்பெண்ணால் பேச முடியவில்லை. ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கேட்டார்கள். அவள் கையசைத்துப் பதில் சொன்னாள். பிறகு இறந்துபோனாள். அந்தக் கையசைவு மரண வாக்குமூலம் ஆகுமா என்பது கேள்வி. கேட்ட கேள்வியையும் காட்டிய சைகையையும் சேர்த்துப் பார்த்தால் அது வாய்மொழி வாக்குமூலம்தான் என்று நீதிபதிகள் பெரும்பான்மையாக ஏற்றார்கள். 'சேர்த்துப் பார்த்தால்' என்பதுதான் இங்கே முக்கியம். அவளுடைய கைக்கு அர்த்தம் வந்தது யாரோ குனிந்து அவளிடம் கேட்டதால்.

வெளிநாட்டு கிளையன்ட்டிடம் பேச வேண்டாமா, கண்ணைப் பார்க்கப் பழகத்தானே வேண்டும் என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். பழகட்டும். டை கட்டுவது மாதிரி, முள்கரண்டி பிடிப்பது மாதிரி, அது அவர்கள் ஊர் வழக்கம் என்று சொல்லிக் கொடுங்கள். எங்கள் பிள்ளைகள் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். அதைத் தன்னம்பிக்கை, நேர்மை, தலைமைப் பண்பு என்று பெயர் வைத்து விற்காதீர்கள். ஆட்டிசம் உள்ள ஒருவருக்குக் கண்ணைப் பார்த்துக்கொண்டே பேசுவது வேதனையாகவே இருக்கலாம். அவருடைய கோடு அதனால் கெட்டுப்போகாது.

குறிப்பறிதல் வேண்டும் என்பவர்கள் அதைத் தங்கள் அலுவலகத்திலேயே தொடங்கலாம், மேலிருந்து கீழாக. திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் டீம் லீட் கேட்பார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும்ல?" அந்தப் பக்கம் ஜூனியர் தலையைப் பக்கவாட்டில் ஒரு ஆட்டு ஆட்டி, "ம்… பாத்துடலாம்ண்ணா" என்பான். தமிழ் பேசுகிற எவனுக்கும் தெரியும், அதற்கு 'முடியாது' என்று அர்த்தம். லீடுக்கும் தெரியும். தெரிந்தே 'சரி' என்று குறித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். வெள்ளிக்கிழமை ராத்திரி கத்துவார்.

"எது இடிக்குது?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பத்து விநாடி ஆகும். கேமராவை ஆன் பண்ணச் சொல்லத் தேவையில்லை. பத்து விநாடி கழித்து, எங்கோ பார்த்துக்கொண்டு, அவன் சொல்வான்: "டேட்டாபேஸ் ஆக்சஸே இன்னும் வரலண்ணா. கேட்டு மூணு வாரம் ஆச்சு."