பாம்புக்குப் பதில் யானை

போன மாதம் என் வீட்டில் ஒரு சண்டை நடந்தது. சண்டைக்குக் காரணம் ஒரு குழல்.

பெர்லியோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1830-ம் வருஷம் பாரிஸில் அரங்கேற்றிய 'ஸிம்பொனி பான்டாஸ்டிக்' இசைத்தட்டை நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசிப் பகுதி வந்தது. கனவிலே கதாநாயகன் செத்துக் கிடக்கிறான். சூனியக்காரிகள் சுற்றி நின்று கூத்தடிக்கிறார்கள். மணி அடிக்கிறது. அந்த மணியோசைக்கு நடுவே, இறந்தவர்களுக்காக மாதாகோவிலில் பாடுகிற 'டியேஸ் ஈரே' என்ற பழைய கீதம் அடிக்குரலில் கிளம்புகிறது. முதுகு சில்லிட வேண்டிய இடம். எனக்குச் சில்லிடவில்லை. இரண்டு ட்யூபாக்கள் பட்டு மெத்தை விரித்தாற்போல் முழங்கின.

"தப்பான வாத்தியம்" என்றேன்.

நண்பர் சிரித்தார். "ஸ்வரம் சரியாகத்தானே இருக்கிறது? அடியில் ஏதோ ஒன்று 'பாம், பாம்' என்றால் போதாதா, ஐயா?"

போதாது. ஒப்பாரியை வீணையில் வாசித்தால்கூட ஸ்வரம் சரியாகத்தான் இருக்கும்.

நான் சங்கீத வித்வான் அல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதே அர்த்தமுள்ள இன்னொரு சொல்லைப் போட்டால் என்ன நாசம் விளையும் என்பது எனக்குத் தெரியும். பெர்லியோஸ் அந்த இடத்துக்கு முதலில் கேட்டது 'ஸெர்ப்பென்ட்' ஒன்றும் 'ஆபிக்ளைடு' ஒன்றும். ஸெர்ப்பென்ட் என்றால் பாம்பு. மரத்தால் செய்து, தோல் போர்த்தி, பாம்பைப் போலவே வளைத்து நெளித்த எட்டடிக் குழல். பிரான்ஸிலே கோவில்களில் பாடுகிறவர்களுக்குத் துணையாக அதைத்தான் ஊதுவார்கள். ஆபிக்ளைடு அதற்கு வாரிசு. பித்தளையில் செய்து, துளைகளுக்கு மூடிகள் வைத்தது. ஹலாரி என்ற பாரிஸ்காரர் 1821-ல் அதற்கு உரிமை வாங்கினார்.

பெர்லியோஸுக்கு ஸெர்ப்பென்டைக் கண்டால் ஆகாது. வாத்தியங்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலில் அதைக் காட்டுமிராண்டிக் குரல் என்று திட்டித் தீர்க்கிறார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்தக் குளிர்ந்த, அருவருப்பான ஊளை பொருந்தும் என்று விதிவிலக்கும் தருகிறார். எங்கே? இறந்தவர்களுக்கான பூஜையில், 'டியேஸ் ஈரே' பாடும்போது! பிடிக்காத வாத்தியத்தைத் தேடிப் பிடித்து, அதற்கென்றே ஆன கீதத்தை அதன் வாயில் வைத்தார் மனிதர். 1830-ல் கேட்டவர்கள் தாங்கள் போய்வந்த சாவுப் பூஜையையே அல்லவா சூனியக்காரிகள் நடுவில் கேட்டிருப்பார்கள்? அந்த அவலட்சணம்தான் அங்கே கதை. அதைத் துடைத்து மெருகேற்றி, உருண்டையாக, வழவழப்பாகக் கொடுக்கிறார்கள் இன்று. ட்யூபா நன்றாக இல்லை என்பதல்ல என் புகார். மிக நன்றாக இருக்கிறது என்பதே புகார்.

இன்னொரு அநியாயமும் உண்டு. 'ஸி' சுருதி ஆபிக்ளைடின் குழாய் எட்டடி. அமெரிக்க வாத்திய கோஷ்டிகளில் புழங்கும் 'ஸி' ட்யூபாவுக்குப் பதினாறடி. வயிறும் அதற்குத் தக்கபடி. கூடவே வாசிக்கிற பஸூன்கள் பாவம், யானையின் பக்கத்தில் நடக்கிற ஆட்டுக்குட்டிகள் மாதிரி காணாமல் போகின்றன.

"பெர்லியோஸே ட்யூபாவைப் புகழ்ந்திருக்கிறாரே!" என்று படித்தவர்கள் மடக்குவார்கள். உண்மைதான். 1835-ல் பெர்லினில் வீப்ரெக்ட்டும் மோரிட்ஸும் ட்யூபாவுக்கு உரிமை பெற்றார்கள். பெர்லியோஸ் ஜெர்மனிக்குப் போய் அதைக் கேட்டு மகிழ்ந்தார். பிற்பாடு தம் இசையில் அதற்கு இடமும் கொடுத்தார். ஆனால் அவர் கேட்டது எந்த ட்யூபா? 'எஃப்' சுருதியில், பன்னிரண்டடிக் குழாயுடைய சின்ன ட்யூபா. அதை எடுத்துவந்து ஊதுங்கள். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

ட்யூபா என்ற பெயரே ஒரு மோசடி. முஸோர்க்ஸ்கி 1874-ல் பியானோவுக்கு எழுதிய சித்திரக் காட்சிகளை, 1922-ல் ராவெல் வாத்திய கோஷ்டிக்கு மாற்றி எழுதினார். அதில் 'பிட்லோ' என்று ஒரு பகுதி. போலிஷ் மொழியில் மாடு என்று பொருள். கனத்த சக்கரங்களோடு ஒரு மாட்டுவண்டி வருகிறது. வண்டிக்காரனுடைய பாட்டு மாதிரி ஒரு தனிக் குழல் மேலே மேலே ஏறி, பியானோவின் நடு 'ஸி'யையும் தாண்டிப் போகிறது. தாளில் 'ட்யூபா' என்றுதான் போட்டிருக்கிறது. பாரிஸில் அந்தக் காலத்தில் ட்யூபா என்றால் ஆறு வால்வு வைத்த எட்டடிக் குழல்! இதை நம் பதினாறடிக்காரரிடம் நீட்டினால், மாடு வண்டி இழுப்பதாகத் தோன்றாது. அவர் மூச்சு இழுப்பதுதான் கேட்கும். விவரம் தெரிந்த கோஷ்டிகளில் இதைச் சின்ன யூபோனியத்திடம் கொடுத்துவிடுகிறார்கள். அதுவும் ராவெல் நினைத்த வாத்தியமல்ல. ஆனாலும் அளவு தெரிந்து செய்த மாற்றம்.

வெர்டியின் கதை வேறு. ட்ராம்போன்களுக்கு அடியில் ட்யூபா ஜாதிக் குழலை உட்கார வைத்தால் ஒட்டவே மாட்டேன் என்கிறது என்று, 'அயீதா' நாடகத்தின்போது 1871-லேயே கடிதத்தில் சீறினார். கடைசியில் மிலானில் பெலிட்டி பட்டறையில் ஆழமான ஒரு ட்ராம்போனைச் செய்ய வைத்து, 1887-ல் 'ஒதெல்லோ'வில் அதைத்தான் வைத்தார். இதற்கப்புறமும் அந்த இடத்தில் ட்யூபாவை வைக்கிற கண்டக்டர்களை (பஸ் கண்டக்டரைச் சொல்லவில்லை, அவர் கேட்ட ஊருக்குத்தான் டிக்கெட் கொடுப்பார்) என்னவென்று சொல்ல?

செலவு என்பார்கள். கோஷ்டிக்கு ஒரே ஒரு ட்யூபாக்காரர்தான் சம்பளத்தில் இருக்கிறார், நிஜம். ஆனால் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலோர் பெரியது ஒன்று, சிறியது ஒன்று என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். சிறியது வீட்டிலே பெட்டிக்குள் தூங்குகிறது. அதைக் கொண்டுவரச் சொல்வதற்கு வாய் வார்த்தை போதுமே! வயலின் எந்த வருஷத்தில் எந்த ஊரில் செய்தது என்று நிகழ்ச்சி நிரலில் கால் பக்கம் அச்சடிக்கிறவர்கள், அடியில் ஊதுகிறவர் கையில் இருப்பது எது என்று ஒரு வரி போடலாம்.

சண்டை அன்றோடு முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கார்டினர் என்ற ஆங்கிலேயர் 1991-ல் பழைய காலத்து வாத்தியங்களை வைத்து, பாரிஸில் அதே பழைய மண்டபத்தில் பதிவு செய்ததை நண்பருக்குப் போட்டேன். மணி அடித்தது. அடியிலிருந்து கரகரவென்று, தொண்டை கட்டின கிழவர் ஒருவர் கல்லறைக்குள்ளிருந்து பாடுவது போல் அந்தக் கீதம் வந்தது. நண்பர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தரம் போடும்" என்றார்.

போட்டேன். கேட்டு முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு, "இருந்தாலும் அந்தப் பட்டு மெத்தைதான் எனக்குப் பிடிக்கிறது, ஐயா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.