ஆயில் குறையாத டிராக்டர்

சென்ற மாதம் காஹாங்கில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். கொட்டகையில் நின்ற பழைய டிராக்டரைக் காட்டி, “மாப்ள, இப்பல்லாம் இது ஆயிலே குடிக்கிறதில்ல. போன வாரத்தைவிடக் கூடத்தான் இருக்கு” என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. எஞ்சின் ஆயில் குறையலாம், அப்படியே நிற்கலாம். யாரும் ஊற்றாமல் தானாகக் கூடாது. கூடினால் வேறு ஏதோ உள்ளே இறங்குகிறது என்று பொருள்.

அளவுகோலை உருவிப் பார்த்தேன். மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறியிருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் பால் காப்பி நிறமாகியிருக்கும். இது கறுப்பாகவே இருந்தது. ஆனால் விரலில் வழவழப்பில்லாமல் நீர்த்து ஓடியது. முகர்ந்தால் டீசல் வாடை. தாளில் ஒரு சொட்டு விட்டேன். கறுப்புப் பொட்டைச் சுற்றி வெளிறிய வளையம் அகலமாகப் பரவியது.

“வெட்டுன குலை கிடக்கு மாப்ள. ஒரு நடை மட்டும் போயிட்டு வந்துடறேனே” என்றார் மாமா. அவர் அவசரமும் நியாயம்தான். செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் குறையும். ஆனாலும் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன்.

டீசல் கலந்த ஆயில் மெலிந்துபோகும். கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே நிற்கவேண்டிய படலம் அறுந்து, உலோகமும் உலோகமும் உரசும். அளவு மிகுந்த ஆயில் சிலிண்டருக்குள் ஏறிவிட்டால் எஞ்சின் அதையே எரித்து, ஸ்டாப் குமிழை இழுத்தாலும் நிற்காமல் வெறிபிடித்து ஓடும். பக்கத்துத் தோட்டக்காரரின் லோரியை வாடகைக்கு எடுத்துக் குலைகளை அனுப்பினோம்.

டீசல் இறங்க முக்கியமாக மூன்று வழிகள். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சிறிய பம்பின் ரப்பர் சவ்வு கிழியலாம். இன்ஜெக்‌ஷன் பம்ப் தண்டின் சீல் தேயலாம். இன்ஜெக்டர் தூவாமல் ஒழுகலாம்.

எதையும் கழற்றுமுன் ஓர் எளிய சோதனை செய்தோம். இந்த டிராக்டரில் டேங்க் எஞ்சினுக்கு மேலே இருக்கிறது. ஆயில் அளவைக் குறித்துவிட்டு, டீசல் குழாயைத் திறந்தே வைத்துவிட்டுத் தூங்கினோம். காலையில் அளவு ஏறியிருந்தது. மறுநாள் இரவு குழாயை மூடினோம். அசையவில்லை. ஓடாத எஞ்சினில் இறங்குகிறது என்றால் சந்தேகம் முதலில் பம்புகள் மேல்தான். சிறிய பம்பைக் கழற்றி, டீசல் குழாயோடு சேர்த்தே கைநெம்பை அடித்தோம். அடிப்பக்கம் சொட்டியது. சவ்வில் கீறல்!

குளுவாங்கிலிருந்து புதுப் பம்ப் வந்தது. கூடுதலாக இருந்ததை மட்டும் வடித்தால் போதாது என்று ஆயில் முழுவதையும் இறக்கினோம். 6 லிட்டர் இருக்கவேண்டிய இடத்தில் 8 லிட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஃபில்டரையும் மாற்றினோம்.

டிராக்டர் இல்லாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. புகை வடிகட்டி உள்ள புதிய டீசல் பிக்-அப்களில், அதைச் சுத்தம் செய்யக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசல் ஆயிலில் கலக்கலாம். குறுகிய தூரமே ஓட்டுபவர்கள் கவனிக்கவேண்டும்.

காலையில், எஞ்சினை முடுக்குமுன், சமதரையில் அளவுகோலைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றலாம். கூடியிருந்தால் சாவியைத் தொடாதீர்கள்.

மாமா இப்போது தினமும் பார்க்கிறார். நேற்றுகூட அழைத்து, “மாப்ள, ஆயில் கொஞ்சம் குறைஞ்சிருக்கு” என்றார். குரலில் அதே பெருமை.