பட்டறையின் மேல் பழி

"நன்றாக ஓடிக் கொண்டிருந்த வண்டியைத்தான் சோதனைக்கு விட்டேன், திரும்பி வந்த பிறகுதான் இந்தக் கோளாறு!" மோட்டார் வண்டி வைத்திருக்கும் குடும்பங்களில் இந்தப் புலம்பல் எழாத வீடு அபூர்வம். இதில் உண்மை எவ்வளவு, வீண் சந்தேகம் எவ்வளவு என்று சற்று நிதானமாக ஆராய்வோம்.

சந்தேகம் முற்றும் அநியாயமானதென்று சொல்வதற்கில்லை. 1941-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' பத்திரிகை ஒரு வேடிக்கையான பரீட்சை நடத்திற்று. நல்ல நிலையிலிருந்த மோட்டாரில் ஒரே ஒரு மின்சாரக் கம்பியைக் கழற்றி விட்டு, அத்தேசத்தின் 347 பட்டறைகளுக்கு அதைக் கொண்டு போய்க் காட்டினார்கள். நியாயமாக நடந்து கொண்டவை 129 பட்டறைகளே. மற்ற 218-ம் ஏதேனும் ஒரு வகையில் ஏமாற்றின. 1992-இல் கலிபோர்னியா மாகாண அதிகாரிகள் பிரபல 'ஸியர்ஸ்' கம்பெனியின் மோட்டார் பட்டறைகள் மீது, தேவையற்ற ரிப்பேர்களை வாடிக்கைக்காரர் தலையில் கட்டுவதாகக் குற்றம் சாட்டினர். விற்ற வேலைக்குத் தக்கபடி சிப்பந்திகளுக்குக் கமிஷன் கொடுத்து வந்த ஏற்பாட்டைக் கம்பெனி அதன் பின் கைவிட்டது.

ஆனால் இவையெல்லாம் இல்லாத கோளாறை இருப்பதாகச் சொன்ன கதைகள். இல்லாத கோளாறை உண்டாக்கி விட்டார்கள் என்பது வேறு புகார் அல்லவா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததற்கெல்லாம் காக்கையைத் தண்டிக்க முடியாது. அதே சமயம், பழுத்த பழத்தைக் காக்கை சற்று அசைத்திருக்கவும் கூடும்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றின் அனுபவத்தைச் சொல்லுகிறேன். நம் நாட்டில் சொந்த உபயோகக் காரின் பதிவு பதினைந்து ஆண்டு செல்லும். பிறகு வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்காக அவர்கள் பன்னிரண்டு வருஷமாகப் பழகிய பட்டறையில் வண்டியை விட்டார்கள். பட்டறைக்காரர் எல்லாவற்றையும் பார்த்து, பிரேக் ஆயிலையும் மாற்றிக் கொடுத்தார். மூன்றாம் நாள் சிக்னலில் நிற்கையில், மிதித்த பிரேக் காலின் கீழ் மெள்ள மெள்ள அமிழ்ந்து போயிற்று. வண்டியிலே குழந்தைகள் வேறு!

"கை வைத்தவன்தான் கெடுத்தான், இனி அந்தப் பட்டறை வாசலை மிதிப்பதில்லை" என்றார் கணவர். "அவர் கெடுத்தாரா, கெட்டிருந்தது இப்போது தெரிந்ததா என்று முதலில் விசாரியுங்கள்" என்றாள் மனைவி.

விசாரித்ததில் விஷயம் விளங்கிற்று. பிரேக் பெடலை மிதிக்கும்போது, மாஸ்டர் ஸிலிண்டர் என்னும் குழாய்க்குள் ரப்பர் வளையம் பொருத்திய பிஸ்டன் நகருகிறது. தினசரி ஓட்டத்தில் அது குழாயின் ஒரு பகுதிக்குள்தான் போய் வரும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஆகவே பிஸ்டன் தொடாத மறு பகுதியில் ஆண்டுக் கணக்கில் துருவும் கசடும் படிகின்றன. ஆயில் மாற்றி ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை அழுத்தினால், ரப்பர் அந்தத் துருவின் மேல் உராய்ந்து கிழிகிறது. பிறகு அழுத்தம் நிற்பதில்லை.

ஆகவே பட்டறையில் செய்த வேலை காரணம் என்பது வாஸ்தவம். பட்டறைக்காரர் வஞ்சகர் அல்ல என்பதும் வாஸ்தவம். காரணம் வேறு, குற்றம் வேறு. ஆயினும் அவர் பங்கு அறவே இல்லையென்று சொல்ல முடியாது. பழைய வண்டியில் பெடலின் கீழ் ஒரு மரக்கட்டையை வைத்து, தரை வரை போகாமல் தடுத்திருக்கலாம், முன்னதாக எச்சரித்திருக்கலாம். அதை அவரும் ஒப்புக் கொண்டு கூலியை விட்டுக் கொடுத்தார். ஸிலிண்டரின் விலையை இவர்கள் கொடுத்தார்கள்.

நேயர்களுக்கு என் யோசனை இது. வண்டியை ஒப்படைக்கும் முன், ஓடிய கிலோமீட்டர், கேட்கும் சத்தம், எரியும் எச்சரிக்கை விளக்கு ஆகியவற்றைக் குறித்துப் பட்டறைக்காரரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். எதைக் கழற்றினார்கள் என்று கேளுங்கள். மாற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்குங்கள். பிறகு கோளாறு கண்டால், யாரும் பிரிப்பதற்கு முன் வேறொரு மெக்கானிக்கைக் கொண்டு பார்வையிடச் செய்து, எழுத்து மூலமாக அபிப்பிராயம் பெறுங்கள். நியாயம் கிடைக்காவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டக் கமிஷனில் முறையிட வழியிருக்கிறது; அங்கே கோபத்தை விடக் காகிதமே பேசும்.

கோளாறு பிரேக்கில் என்றால் மட்டும், யார் மேல் பழி என்ற விவாதத்தைப் பிறகு வைத்துக் கொள்ளுங்கள். வண்டியை நின்ற இடத்திலேயே நிறுத்தி, ஓட்டாமல் இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.