நம்பிக்கை வேண்டாம், ஐந்தொகை போதும்

2009 மக்களவைத் தேர்தலில் எங்கள் சிவகங்கைத் தொகுதியில் ப. சிதம்பரம், ராஜ கண்ணப்பனை 3,354 ஓட்டில் ஜெயித்தார். எண்ணிக்கையில் முறைகேடு என்று கண்ணப்பன் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது 2018ல். அதற்குள் அந்த மக்களவையின் ஆயுளே முடிந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. தீர்ப்பு சரியா தப்பா என்பதல்ல என் பேச்சு. அன்றைய மெஷினில் காகிதச் சீட்டு கிடையாது. கையால் இன்னொரு தரம் எண்ணிப் பார்க்க வழியே இல்லை.

இன்று விவிபேட் சீட்டு இருக்கிறது. 2013ல் உச்ச நீதிமன்றம் சொல்லி வந்தது. ஆனால் எண்ணுவது எவ்வளவு? சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடி. காரைக்குடி முதல் ஆலங்குடி வரை ஆறு தொகுதிக்கும் சேர்த்து 30. வித்தியாசம் மூவாயிரமானாலும் மூன்று லட்சமானாலும் அதே 30தான். இது எந்த ஊர்க் கணக்கு?

சாவடிகள் 1,500 என்று வையுங்கள். பத்து மெஷினில் மட்டும், ஒவ்வொன்றிலும் 168 ஓட்டு ஆள் மாறி விழுகிறது. வித்தியாசம் 3,360 நகர்ந்துவிடும். 2009 முடிவே தலைகீழ். குலுக்கி எடுத்த 30ல் அந்தப் பத்தில் ஒன்றுகூடச் சிக்காமல் போக 80 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. இப்படி நடந்தது என்று சொல்லவில்லை. நடந்தால் பிடிபடாது என்கிறேன். மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். 'இதில் பிழையே வராது' என்று சொல்கிறவரிடம்தான் முதலில் சந்தேகம் வரும்.

வேட்பாளர் கூடுதலாக எண்ணச் சொல்லிக் கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் தேர்தல் அதிகாரியின் கையில்.

பழைய வாக்குச்சீட்டுக்குத் திரும்பச் சொல்லவில்லை. எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் நிராகரித்துவிட்டது. எல்லா இடத்திலும் எண்ணத் தேவையும் இல்லை. வித்தியாசம் குறையக் குறைய எண்ணும் சாவடி கூடட்டும். நூலிழை என்றால் முழுக்க எண்ணுங்கள். இதைச் சட்டமாக்குங்கள். நேரமாகுமா? 2024ல் ஏப்ரல் 19 அன்று நாம் போட்ட ஓட்டு ஜூன் 4 வரை பூட்டிய அறையில் கிடந்தது. 46 நாள் பொறுத்தவர்களுக்கு இன்னும் இரண்டு நாள் பெரிசா?

பர்மாவில் கடை வைத்த செட்டியார்கள், ஏஜெண்டு நம்பிக்கையானவர் என்பதற்காக ஐந்தொகை பார்க்காமல் விட்டதில்லை. பார்த்ததால்தான் அந்த நம்பிக்கை நிலைத்தது. தேர்தல் ஆணையமும் நமக்கு ஏஜெண்டுதான். முதலாளி கணக்குக் கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது.