போன் கையில் இருக்கிறது, கிளினிக் நாளுக்குப் பேர் எங்கே?

சில வாரங்களுக்கு முன் சுகாதாரக் கூட்டமொன்றில் ஓர் உத்தியோகத்தர் பேசினார். “தோட்டத்து ஆளுங்க எல்லார் கையிலயும் இப்ப போன் இருக்கு. படம் பார்க்கத் தெரியுது, பாட்டுக் கேக்கத் தெரியுது. சீனி வருத்தத்தைப் பத்தி மட்டும் தெரியாதாம். இது சோம்பல்.” சிலர் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த எனக்குப் பதில் சொல்ல நேரம் தரவில்லை. அதை இங்கே சொல்கிறேன்.

என்னிடம் படிக்கும் பிள்ளையொன்றின் பாட்டி கொழுந்து எடுப்பவர். அவருக்கென்று போன் இல்லை. கிளினிக்கில் கொடுத்திருந்த நம்பர் கொழும்பில் கடையொன்றில் நிற்கும் மகனுடையது. கிளினிக் திகதி மாறிய செய்தி அவனுக்குப் போனது, சிங்களத்தில். அவனுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. இரவு கடை மூடிய பிறகு யாரிடமோ கேட்டு விளங்கி, காலையில் வீட்டுக்குக் கோல் எடுத்தபோது பாட்டி பஸ் ஏறிவிட்டார். அன்றைய பேர் போனது, பஸ் காசு போனது, மாத்திரையும் கிடைக்கவில்லை. புதிய திகதிக்குப் போனால் இன்னொரு பேர் போகுமே என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். பிறகு காலில் அட்டை கடித்த இடம் ஆறாமல் புண்ணாகி, கடைசியில் பெருவிரலை எடுத்தார்கள்.

இதில் சோம்பல் யாருடையது? தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று 1987 இல் 13ஆவது திருத்தத்தில் எழுதியாகிவிட்டது. ஒரு திகதியைத் தமிழில் அனுப்ப இன்னும் எத்தனை வருஷம் வேண்டும்?

போனால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. செனகல் நாட்டில் 2014 இல் நோன்பு மாதத்தில் நீரிழிவு நோயாளருக்குக் குறுஞ்செய்தியிலேயே ஆலோசனை அனுப்பினார்கள். இந்தியாவில் 2016 இல் ஒரு மிஸ்ட் கோல் கொடுத்தால் செய்தி வரும்படி செய்தார்கள். விலை கூடிய போன் தேவையில்லை. அரசாங்கத்துக்கு மனம் இருந்தால் பழைய பட்டன் போனே போதும்.

நாமும் செய்யக் கூடியது உண்டு. சீனி கூடி நாட்பட்டால் காலில் உணர்ச்சி குறையும். அட்டை கடித்ததும் முள் குத்தியதும் தெரியாது. குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியாதவருக்கு, மாலையில் கால் கழுவித் துடைத்த பின் பேரப்பிள்ளை போனில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டட்டும். விரல் இடுக்கையும் சேர்த்து. வெடிப்போ புண்ணோ கறுப்போ இருந்தால் மறுநாளே காட்ட வேண்டும், சம்பள நாள் வரை வைத்திருக்கக் கூடாது. கிளினிக் கொப்பியையும் மாத்திரைத் துண்டையும் படம் எடுத்து வையுங்கள். லயத்துக் கூரை ஒழுகிக் கொப்பி நனைந்தாலும் படம் இருக்கும். மாத்திரை நேரத்துக்கு அலாரம் வைப்பது எப்படி என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலே போதும்.

ஆனால் “ஏழு நாளில் சீனி ஓடிவிடும், மாத்திரையை நிறுத்துங்கள்” என்று வாட்ஸ்அப்பில் வரும் குரலை லயம் முழுக்க அனுப்புகிறோமே, அதற்கு எந்த நிர்வாகத்தைக் குற்றம் சொல்வது? நம் சங்கத் தலைவர் ஒருவரே எனக்கு அனுப்பினார்! பாகற்காயைக் கறி வைத்துச் சாப்பிடுங்கள், நல்லது. மாத்திரையை நிறுத்துவதா இல்லையா என்பதை டொக்டர் சொல்லட்டும்.

இன்னொன்று. பெரட்டுக்கு நேரமாகிறது என்று காலையில் வெறும் தேத்தண்ணியோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மலைக்கு ஓடுகிறோம். சில மாத்திரைகளும் இன்சுலினும் அப்படி வெறும் வயிற்றில் சீனியை ஒரேயடியாக இறக்கிவிடும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைச்சுற்று வரும். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், 1990 க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். ஆனால் எந்தப் போனில் அடிப்பது? வேலை நேரத்தில் மலையில் போன் வைத்திருந்தால் ஏசுகிற துரைமாரும் இருக்கிறார்கள். கூட்டத்தில் எல்லார் கையிலும் போன் இருக்கிறது, மலையில் இருந்தால் குற்றம்!

ஆகவே நம் கோரிக்கை இதுதான். கிளினிக் செய்தி தமிழில் வர வேண்டும். தோட்டத்திலேயே மாதம் ஒருமுறை இரத்தத்தில் சீனி பார்க்க வேண்டும். கொப்பியில் முத்திரை இருந்தால் அந்த நாளுக்குப் பேர் விழ வேண்டும், அரைப் பேர் அல்ல, முழுப் பேர். கொழுந்து மலைக்கு நாலு பேருக்கு ஒரு போனாவது அனுமதிக்க வேண்டும்.

கிளினிக் போனதால் இந்த வருஷம் பேர் வெட்டப்பட்டவர்கள், கொப்பியில் அந்தத் திகதி உள்ள பக்கத்தையும் அந்த மாதச் சம்பளத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். உங்கள் தோட்டத் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ இந்த மாதத்துக்குள் கொடுங்கள். நிர்வாகத்தோடு அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அந்தப் படங்களை மேசையில் வைக்கப் போகிறோம்.