வெள்ளைக்காரன் காலத்துச் சாமானா? கொஞ்சம் பொறுங்கள்

நம் கம்பம் பள்ளத்தாக்கில் பரணிலிருந்து ஒரு பழைய ரம்பமோ ஸ்பேனரோ இறங்கினால் போதும். "இது பென்னிகுவிக் காலத்துச் சாமான்" என்று சொல்ல ஒருவர் தயாராக இருப்பார். முல்லைப் பெரியாறு அணை வேலை 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்தது. வீரபாண்டியிலிருந்து கூடலூர் வரை வீட்டுக்கு வீடு கிடக்கும் பழைய இரும்பெல்லாம் அந்த எட்டு வருஷத்தில் வந்தது என்றால், அணை கட்டியவர்கள் வெறுங்கையோடுதான் கட்டியிருக்க வேண்டும்!

தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன் என்பதால், தெரிந்தவர்கள் தாத்தாவின் கருவிப்பெட்டியைக் கொண்டுவந்து "எந்தக் காலத்துது, பாருங்க சார்" என்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் விதி: கருவியில் இருக்கும் எழுத்து பெரும்பாலும் "இதற்கு முந்தியது இல்லை" என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு பிந்தியது என்று சொல்லாது.

ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1947-ல் வந்தது. முத்திரை கொடுக்கும் சட்டம் 1952-ல். ஆக, அந்த முத்திரை உள்ள கருவி சுதந்திர இந்தியாவின் பிள்ளை. டபாரியா என்று பெயர் இருந்தால், அந்தக் கம்பெனி சுவீடன் நாட்டுத் தொழில்நுட்ப உதவியோடு கைக்கருவி செய்யத் தொடங்கியதே 1969-ல்தான். ஸ்டான்லி இழைப்புளியில் 'இங்கிலாந்தில் செய்தது' என்று இருந்தால் அது 1930-களுக்கு முந்தியதாக இருக்காது. அதுவரை அமெரிக்கக் கம்பெனியான ஸ்டான்லிக்கு ஷெஃபீல்டில் தொழிற்சாலை இல்லை. 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் இன்னும் சுலபம். அப்படி ஒரு நாடு 1949 முதல் 1990 வரைதான் இருந்தது.

பின் எல்லையைச் சொல்லும் எழுத்தும் சில உண்டு. ஸ்பேனரிலோ சுத்தியலிலோ எஸ்.ஐ.ஆர். என்று குத்தியிருந்தால் அது தென்னிந்திய ரயில்வேயின் சொத்து. 1951 ஏப்ரல் 14-ல் அந்தக் கம்பெனி தெற்கு ரயில்வேயோடு இணைந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த எழுத்தைக் குத்த யாருக்கும் வேலையில்லை.

பெட்டிக்குள் கடை ரசீதோ, மூடியில் ஒட்டிய விலாசச் சீட்டோ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. 'மதராஸ் மாநிலம்' என்று இருந்தால் பெரும்பாலும் 1969-க்கு முந்தியது. 'தேனி, மதுரை மாவட்டம்' என்று இருந்தால், நம் மாவட்டம் பிரிந்த 1996-க்கு முன் அச்சடித்தது என்று நினைக்கலாம்.

அளவை வைத்து முடிவு செய்வதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். நம் நாட்டில் மெட்ரிக் அளவு 1958 அக்டோபரில் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. அதனால் அங்குலம் போட்டதெல்லாம் அதற்கு முந்தியது என்று ஆகாது. இன்றைக்கும் அங்குல ஸ்பேனர் கடையில் கிடைக்கிறது. இன்னொன்று: கால் அங்குலம் என்று போட்டு, பக்கத்தில் 'டபிள்யூ' என்ற எழுத்தும் இருக்கும் ஸ்பேனரின் வாயை அளந்தால் அரை அங்குலத்துக்கும் கூட இருக்கும். "தப்பாகக் குத்திவிட்டான்" என்பார்கள். தப்பில்லை. விட்வொர்த் முறையில் அந்த எண் போல்ட்டின் கனத்தைச் சொல்கிறது, ஸ்பேனர் வாயை அல்ல. பழைய ஆயில் என்ஜினோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இரண்டாவது விதி: 'செட்' முழுவதற்கும் ஒரே வயது சொல்லாதீர்கள். ஒரு ஆசாரி முப்பது நாற்பது வருஷம் உழைத்துச் சேர்த்தது அந்தப் பெட்டி. உளியின் இரும்பு ஒரு காலம், பிடி இன்னொரு காலம். இழைப்புளியின் கட்டை அவரே செதுக்கியது, அலகு மதுரையில் வாங்கியது. ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதில் ரொம்பப் புதியது எதுவோ, அது அவர் எதுவரை கருவி வாங்கினார் என்று சொல்லும்.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். இப்போது பழைய சாமான் வாங்க வெளியூரிலிருந்தும் ஆள் வருகிறார்கள். எழுத்து உள்ளதைப் பொறுக்கிக்கொண்டு, எழுத்தில்லாத வாய்ச்சியையும் உளியையும் தள்ளிவிட்டுப் போகிறார்கள். அவை எடைக்குப் போய் உலையில் உருகுகின்றன. என் கருத்து இதற்கு நேர் எதிர். ஷெஃபீல்டு இழைப்புளி உலகமெங்கும் கிடக்கிறது. அதன் ஒவ்வொரு மாடலையும் வருஷவாரியாகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கொல்லுப்பட்டறையில் அடித்த வாய்ச்சிக்கு எந்தப் பட்டியலும் கிடையாது. அதுதான் அரியது.

எழுத்தில்லாததும் பேசும். வாய்ப்பக்கம் மட்டும் நிறம் மாறி ஒரு கோடு தெரிந்தால், இரும்பு உடம்பில் எஃகுத் துண்டை வைத்து உலையில் ஒட்டியது. எஃகு அருமையாக இருந்தபோது கொல்லர் சிக்கனமாகச் செய்த வேலை. முழுவதும் ஒரே எஃகாக, சற்று வளைந்து, நடுவில் ஒரு துளையோடு இருந்தால் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்திருக்கலாம். அப்படியென்றால் லாரி ஓடி, தேய்ந்து, பட்டை கழிவுக்கு வந்த காலத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது.

அதற்கு மேல் சொல்ல இரும்பால் முடியாது. எந்தப் பட்டறை, யார் அடித்தது, எந்த வீட்டு நிலைக்கதவு அதில் இழைத்தது என்பதெல்லாம் எழுபது தாண்டியவர்கள் நினைவில்தான் இருக்கிறது. அதாவது, இதைப் படிக்கும் உங்களிடம்.

"வச்சு என்ன செய்யப் போறோம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வீட்டில் இடமில்லை, பணமும் தேவை என்றால் விற்றுவிடுங்கள். யாரும் குறை சொல்ல முடியாது. விற்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். துரு போக்குகிறேன் என்று கிரைண்டரிலும் உப்புத்தாளிலும் தேய்க்காதீர்கள்; எழுத்துதான் முதலில் போகும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, எழுத்தின் மேல் சாக்பீஸ் தூளைத் தடவினால் படிக்க வரும். பக்கவாட்டில் வெயில் படும்படி வைத்து, பேரனைக் கூப்பிட்டு செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு நோட்டில் நாலு வரி எழுதுங்கள்: யாருடையது, எங்கே வாங்கியது அல்லது யார் அடித்தது, எதற்குப் பயன்பட்டது, உங்களுக்கு எப்படித் தெரியும்.

அந்தக் கடைசி வரி முக்கியம். "அப்பா சொன்னார்" என்பது வேறு, "நானே பார்த்தேன்" என்பது வேறு. பிரித்து எழுதினால்தான் பின்னால் வருகிறவன் நம்புவான். இல்லாவிட்டால் அவனும் எல்லாவற்றையும் பென்னிகுவிக் கணக்கில்தான் எழுதுவான்.